அண்ணனுக்கு நான் வைத்த காது

அந்தப் படத்தைப் பார்த்து ஊரே அழுதது. நானும் அழுதேன். இப்போது நினைத்தால் காறித் துப்பலாம் போலிருக்கிறது. மல்லாந்து படுத்துக்கொண்டு துப்பினால் எங்கே விழும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் காலத்துக் கதை. ஒரு ஜமீன், ஜமீனுக்கு ஒரு வெடிமருந்துக் கிடங்கு, கிடங்கில் தீப்பிடித்தபோது ஒரு பிள்ளையைக் காப்பாற்றப் போய் முகம் வெந்துபோன ஒருவன். கிணற்றடியில் பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். கோயில் வாசலில் அவனுக்கு மட்டும் விபூதியைத் தூரத்திலிருந்து எறிகிறார்கள். அவன் மரியாதையைத் தேடித் தேடி நடக்கிறான். அவன் நடக்கும் இடமெல்லாம் வயலின் அழுகிறது. கடைசியில் ஜமீன்தாரே எழுந்து நின்று கும்பிட, அந்தக் கும்பிடு முடிவதற்குள் செத்துப்போகிறான். சாகத்தான் வேண்டும். உயிரோடு இருந்தால் மறுநாள் காலையில் அவனோடு உட்கார்ந்து இட்லி தின்பது யார்? அந்தச் சங்கடம் படம் எடுத்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

வேஷத்தைப் பற்றி அப்போதே பத்திரிகைகள் ஆகா ஓகோ என்று எழுதின. இடது கன்னத்தில் அளவெடுத்துச் சுட்டிருந்தது தீ. மூக்கைத் தொடவில்லை, உதட்டைத் தொடவில்லை, மீசையில் ஒரு முடி பொசுங்கவில்லை. கதாநாயகி தடவிக் கொடுக்கும்போதெல்லாம் வலது கன்னம் வசதியாக அவள் பக்கம் திரும்பிக்கொண்டது. எங்கள் பக்கத்துத் தீக்கு இவ்வளவு நாகரிகம் தெரியாது.

எங்கள் பக்கத்துத் தீ என் அண்ணனை என்ன செய்தது என்று சொல்லிவிடுகிறேன். அண்ணன் என்றால் பெரியப்பா மகன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். ஒருநாள் மருந்து இடிக்கும்போது பற்றிக்கொண்டது. காப்பாற்றுவதற்குப் பக்கத்தில் பிள்ளை எதுவும் இல்லை. அவர் எந்த வீரமும் செய்யவில்லை. உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். இடது காது முழுதாகப் போனது. இடது கண்ணின் கீழிமை இறங்கி, சிவப்பு உள்புறம் எப்போதும் வெளியே தெரிந்தது. உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, அவர் வருத்தப்படும்போதும் சிரிப்பதுபோல் காட்டியது. நிச்சயம் செய்திருந்த பெண் வீட்டார் ஆஸ்பத்திரிக்கு வந்து ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

முதலாளி நல்லவர். வேலையை விட்டு நிறுத்தவில்லை. வாசலில் போட்டார். உள்ளே போகிறவர்களிடம் தீப்பெட்டி, பீடி, செல்போன் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் வேலை. அண்ணன் தடவிப் பார்க்கவே வேண்டியதில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் ஆட்கள் தாங்களாகவே மடியை அவிழ்த்துக் கொட்டினார்கள். அந்த வாசலில் ‘அபாயம்’ என்று ஒரு தகரப் பலகை இருந்தது. அண்ணன் வந்த பிறகு துருப்பிடித்த அந்தப் பலகையை யாரும் மாற்றவில்லை.

இந்த அண்ணனுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கூடப் பிறந்த தங்கச்சிக்கு ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தையை மடியில் வைத்துக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவது. இதை ஆசை என்று சொல்வதே தப்பு, பாத்தியதை. குழந்தை பிறந்த அன்று விருதுநகர் ஆஸ்பத்திரியில், முகத்தில் போட்ட துண்டை விலக்காமலே சொன்னார்:

“ஏத்தா, காது குத்து எம்மடியிலதான். இப்பவே சொல்லிட்டேன்.”

“வேற யாரு மடியிலண்ணே? பைத்தியக்காரத்தனமாப் பேசாத.”

தங்கச்சி அன்று சொன்னது நிஜம். மனிதர்கள் சொல்லும்போது எல்லாமே நிஜம்தான்.

அவள் புருஷனுக்கு விருதுநகர் பஜாரில் பருப்பு மண்டி. எனக்கும் மாப்பிள்ளை முறை. வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் தெரியும்படி ஒரு சாமி படம், எல்லோருக்கும் நல்லது செய்யவே பிறந்ததுபோல் ஒரு குரல். அண்ணன் அந்த வீட்டுக்குப் போகும்போது துண்டைத் தலையிலிருந்து இடது பக்கமாக இறக்கி, நுனியைப் பல்லில் கடித்துக்கொள்வார். குழந்தை அவரைத் துண்டு மாமா என்று கூப்பிட்டது. துண்டுக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்று வீடு பார்த்துக்கொண்டது.

அந்தத் தீபாவளிக்குத்தான் படம் வந்தது. மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, நடிகருடைய மன்றத்தார் ஒரு காரியம் செய்தார்கள். பட்டாசு விபத்தில் முகம் வெந்தவர்களை விருதுநகர்த் தியேட்டருக்கு வரவழைத்து, இடைவேளையில் மேடையேற்றிச் சால்வை போடுவது. பஜாரில் மாப்பிள்ளைக்குச் செல்வாக்கு உண்டு. அண்ணனின் பெயரை அவர்தான் கொடுத்தார். இரண்டு வரிசைக்கு டிக்கெட் எடுத்து, குழந்தையை மட்டும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, எங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனார்.

திரைக்கு முன்னால் நாலு பேரை நிறுத்தினார்கள். அண்ணன் மூன்றாவது ஆள். மைக்கைப் பிடித்திருந்த மன்றச் செயலாளர் போட்டோ எடுக்கிறவனைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

“அண்ணே, துண்டை எடுத்துருங்க.”

“இருக்கட்டும் தம்பி.”

“இல்லண்ணே, போட்டோவுல ஒண்ணும் தெரியாதுல்ல. வெக்கப்படாதீக. நம்ம தலைவரே இப்படி நடிச்சிருக்காரு!”

அண்ணன் துண்டை எடுத்தார். தியேட்டர் ஒரு மூச்சு இழுத்தது. பிறகு கைதட்டல், விசில். பால்கனியிலிருந்து ஒருவன் நடிகர் பெயரைச் சொல்லிக் கத்தினான். முகம் வெந்த நாலு பேருக்கு ஊர் தட்டிய கையெல்லாம் சென்னையில் இருந்த ஒரு வழுவழுப்பான கன்னத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அண்ணனின் உதடு இழுத்துக்கொண்டிருந்தது. சிரிக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இறங்கி வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு தங்கச்சி பாக்கிப் படம் முழுக்க அழுதாள். “உன்னைய மாதிரியேண்ணே, உன்னைய மாதிரியே” என்றாள். மாப்பிள்ளை கைக்குட்டையால் மூக்கைச் சிந்தினார். அண்ணன் அழவில்லை. வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்:

“ஏலே, அவன் தினமும் எப்படிலே மூஞ்சி கழுவுதான்? ஒரு சீன்லயும் காணோமே. கண்ணுக்குள்ள தண்ணி போனா எரியுமே.”

நான் அப்போதே மனத்துக்குள் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். சிவகாசியில் ஒரு பெரிய அச்சகத்தில் காலண்டருக்கும் வாழ்த்து அட்டைக்கும் வரிகள் எழுதி, புரூப் பார்ப்பது என் வேலை. அது போக, சிறுபத்திரிகைகளில் கவிதை. படத்தைப் பற்றி ஒரு பத்திரிகைக்கு மூன்று பக்கம் எழுதினேன். கருகிய முகம் காலத்தின் கண்ணாடி என்பதுபோல் ஒரு வாக்கியம் அதில் இருந்தது. எனக்குத் தெரிந்து அண்ணன் வீட்டில் கண்ணாடியே கிடையாது. எழுதும்போது அது ஞாபகம் வரவில்லை. வந்திருந்தால் அதையும் ஒரு வரியாக்கியிருப்பேன், அந்த அளவுக்கு அற்பன்.

மார்கழியில் மாப்பிள்ளை அச்சகத்துக்கு வந்தார். தையில் காது குத்து, வெம்பக்கோட்டை அணைக்கரையை ஒட்டி அவர்களுடைய குலசாமி கோயிலில். பத்திரிகை அடிக்க வேண்டும், வாசலுக்கு ஒரு பேனர். எங்கள் பக்கத்தில் காது குத்துப் பத்திரிகை என்றால் குழந்தை படத்துக்குச் சமமாகத் தாய்மாமன் படமும் இருக்கும். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“மச்சான், பெரிய மச்சான் பேரைப் பெருசாப் போட்ருவோம். போட்டோ மட்டும் வேண்டாம். பிள்ளை போட்டோவுக்குப் பக்கத்துல... நீங்களே சொல்லுங்க.”

நான் பத்திரிகை மாதிரிகளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

“அப்புறம், உக்காரும்போது நீங்க உக்காந்துருங்க.”

“நானா?”

“ஏன், சித்தப்பா மகன்னா தாய்மாமன் இல்லையா? முறை முறைதான? சீர் அவுக கொண்டு வரட்டும், மரியாதை அவுகளுக்குத்தான். மடி மட்டும் நீங்க குடுங்க. பச்சைப் பிள்ளை, அரண்டு போயிரும்.”

“தங்கச்சிக்குத் தெரியுமா?”

“அவதான் சொன்னா.”

தியேட்டரில் பாதிப் படம் முழுக்கக் கையைப் பிடித்து அழுதவள். அவளைச் சொல்லி என்ன, நானும்தான் உடனே கேட்டேன்: “அண்ணங்கிட்ட யாரு சொல்றது?”

“நீங்கதான். எழுதுறவுக, பக்குவமாச் சொல்லுவீக.”

இங்கேதான் நான் என் சாமர்த்தியத்தைக் காட்டினேன். அண்ணனின் படத்தையும் போட்டுவிட வேண்டும், பார்க்கிறவர்களும் முகம் சுளிக்கக் கூடாது. அச்சுத் தொழிலில் ஊறிய புத்திக்குத்தான் இப்படி ஒரு வழி தோன்றும். படத்தைச் சரி செய்துவிட்டால் மனிதனுக்கு நல்லது செய்ததாக ஆகிவிடும் என்று நினைக்க, இருபது வருஷம் லேபிள்களுக்கு நடுவில் வாழ்ந்திருக்க வேண்டும்.

எங்கள் அச்சகத்தில் படங்களைத் திருத்தும் டச்சிங் வேலை பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். முன்பு பிலிமில் தூரிகையால் செய்ததை அப்போது கம்ப்யூட்டரில் செய்துகொண்டிருந்தார். சிவகாசி வெடிப்பெட்டிகளில் சிரிக்கிற குழந்தைகளுக்கெல்லாம் கன்னம் வைத்தவர் தாம்தான் என்று சொல்லிக்கொள்வார். தியேட்டரில் எடுத்த அண்ணனின் படத்தைக் கொடுத்தேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பார்த்தார்.

“எம்புட்டுச் சரி பண்ணணும்?”

“காது மட்டும் வச்சாப் போதும்.”

வலது காதை எடுத்துத் திருப்பி இடது பக்கம் வைத்தார். காது வந்ததும் கன்னம் பொருந்தவில்லை. கன்னத்தைத் திருப்பினார். கன்னம் வந்ததும் கண் விகாரமாகத் தெரிந்தது.

“ஒண்ணைத் தொட்டா எல்லாத்தையும் தொட்ரணும் சார். இல்லன்னா தொட்டது தெரியும்.”

கண்ணையும் திருப்பினார். பிறகு உதடு. அரை மணி நேரத்தில் வலது பாதி முகம் இரண்டு ஒட்டிக்கொண்டு ஒரு முழு முகமாகி, திரையில் என்னைப் பார்த்தது. வழுவழுவென்று, அண்ணனின் ஜாடையில், அண்ணனாக இல்லாமல். கடைசியாக அவர் கேட்டார், “தலைமுடியக் கொஞ்சம் அடர்த்தியாக்கட்டுமா?” வெட்கமில்லாமல் தலையாட்டினேன். மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, பத்திரிகையிலும் பேனரிலும் அதையே போடச் சொன்னார்.

பத்திரிகையை எடுத்துக்கொண்டு அண்ணனைப் பார்க்கப் போனேன். கம்பெனி வாசலில், வேப்ப மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். லோடு ஏற்றிய ஒரு லாரியை அனுப்பிவிட்டு வந்து வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“யாருலே இது?”

“நீதாண்ணே.”

“நல்லாருக்கான்.” விரல் அந்தப் படத்தின் இடது காதை ஒருமுறை தடவியது. “இவனுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். ஏழு வருஷமாகப் பார்க்கிற முகம்; அந்த உதட்டை அன்றும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

“அப்ப இவன் மடியிலதான் குத்தப் போறீகளா?”

பக்குவமாகச் சொல்ல வந்தவன் வாசல் பக்கம் பார்த்தேன். வேனில் வந்து இறங்கிய பெண்கள் வாசலில் காத்திருந்தார்கள். அவர் பத்திரிகையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். நான் சொல்லவில்லை, ஆனால் சொல்லியாகிவிட்டது. மாப்பிள்ளையிடம் போய் “சொல்லிட்டேன்” என்றேன். “வருத்தப்பட்டாகளா?” என்றார். “இல்ல” என்றேன். அவருக்கு நிம்மதி, எனக்கும் நிம்மதி.

தை மாதம், காலை வெயில். அணையில் தண்ணீர் கொஞ்சமாகக் கிடந்தது. கோயிலுக்கு முன்னால் பந்தல், பந்தல் வாசலில் ஆள் உயரப் பேனர். குழந்தை ஒரு பக்கம், இரண்டு வலது பாதிகளால் ஆன அந்த மாமன் ஒரு பக்கம். கிடா வெட்டி அடுப்பில் ஏற்றியாகிவிட்டது. மேளச் சத்தம் கேட்டது. அண்ணன் சீர் கொண்டு வந்தார். தட்டு தட்டாகப் பழம், பட்டுப் பாவாடை, வெற்றிலைமேல் வைத்த சின்னத் தங்கத் தோடு. சீர்த் தட்டு தூக்க ஏழாயிரம்பண்ணையிலிருந்து கம்பெனிப் பெண்கள் வந்திருந்தார்கள். சிலர் கைகளில் அலுமினியப் பொடி இன்னும் முழுதாகப் போகாமல் வெள்ளி பூசியதுபோல் மின்னியது.

பேனருக்கு முன்னால் அண்ணன் நின்றார். மேலே பார்த்தார். பிறகு துண்டை எடுத்து, உதறி, நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தார்.

 வந்தவர்கள் பேனரைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், மறுபடி பேனரைப் பார்த்தார்கள். நான் அந்தக் காதை வைக்காமல் இருந்திருந்தால் அந்த முகம் அவ்வளவு கோரமாகத் தெரிந்திருக்காது. தீ செய்ததைவிட நான் செய்ததுதான் அன்று அதிகம். தியேட்டரில் விசிலடித்துக் கைதட்டியவர்களில் நாலைந்து பேர் அந்தப் பந்தலில் இருந்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் சாப்பாட்டுப் பந்தல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை ஓடி வந்து தட்டுகளை வாங்கினார். “வாங்க மச்சான், வாங்க, இங்கன உக்காருங்க, காத்து வரும்” என்று கடைசியில் போட்டிருந்த நாற்காலியைக் காட்டினார். அண்ணன் உட்காரவில்லை, நின்றார். தங்கச்சி நிமிரவே இல்லை. பிள்ளையின் பட்டுப் பாவாடைக் கொசுவத்தைச் சரி செய்துகொண்டே இருந்தாள்.

ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டே கூப்பிட்டார்: “தாய்மாமன் வந்து உக்காருங்கப்பா.”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் போய் மணையில் உட்கார்ந்தேன். மொட்டை போட்டுச் சந்தனம் தடவிய குழந்தையை என் மடியில் வைத்தார்கள். ஆசாரிக்கு யார் முகமும் பழக்கமில்லை. வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

“தாய்மாமன்தான?”

ஆமாம் என்று தலையாட்டினேன். இதற்குமேல் என்னைப் பற்றி நானே சொல்ல ஒன்றும் இல்லை.

“தள்ளுலே.”

அண்ணன் பக்கத்தில் நின்றார். சத்தம் போடவில்லை. பஸ்ஸில் இடம் கேட்கிற குரல். எழுந்தேன். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார்.

“மச்சான், பிள்ளை பயப்படும்” என்றார் மாப்பிள்ளை.

“பயப்படட்டும். ஊசிக்குந்தான் பயப்படும். அதுக்காகக் காது குத்தாமயா விடுதீக?”

மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் பந்தல் காலில் சாய்ந்தபடி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “காதில்லாதவன் மடியில காது குத்துனா வெளங்குமாய்யா?” இரண்டு பேர் சிரித்தார்கள்.

அண்ணன் திரும்பி அவரை நேராகப் பார்த்தார். “எனக்கும் எங்க மாமன் மடியிலதான் பெரியவரே குத்துனாக. காதுதான் போச்சு. மடி இருக்குல்ல.”

சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். குழந்தை என் கையில் இருந்தது. தங்கச்சி வந்து வாங்கினாள். அவள் அதை உள்ளே தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். ஒரு கணம் அவளும் அப்படித்தான் நினைத்தாள் என்று இப்போதும் நம்புகிறேன். புருஷனைப் பார்த்தாள். ஆசாரி, “நேரம் போகுதும்மா” என்றார். அவள் குனிந்து அண்ணன் மடியில் குழந்தையை வைத்தாள். முகத்தைப் பார்க்காமல்தான் வைத்தாள், ஆனால் வைத்தாள்.

குழந்தை நிமிர்ந்து பார்த்தது. வாய் கோணியது. அந்த நொடியில் ஆசாரி குத்திவிட்டார். அது அலறிய அலறல் அணையின் அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். முகத்தைக் கண்டு அழுததா, ஊசிக்கு அழுததா என்று அங்கிருந்த ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அண்ணன் ஒரு கையால் அதன் தலையைப் பிடித்து, மறுபக்கத்துக்குத் திருப்பிக் காட்டினார். “அம்புட்டுத்தான் தாயி, இன்னும் ஒண்ணுதான். மாமன் இருக்கேன்ல.” இரண்டாவது காதும் முடிந்தது. தோட்டை அவரே பூட்டிவிட்டார்.

பிறகு குழந்தையைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். “சோறு போடச் சொல்லு, பசிக்குது” என்றார்.

முதல் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். துண்டு தோளிலேயே இருந்தது. இழுத்துக்கொண்ட உதட்டின் வழியாகக் குழம்பு வழியும். அவர் புறங்கையால் துடைத்துக்கொண்டு சாப்பிட்டார். கம்பெனிப் பெண்கள் எதிர் வரிசையில் உட்கார்ந்து அவரோடு பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். அவருக்குப் பக்கத்து இலையில் தண்ணீர் தெளித்து, உப்பு வைத்து, கூட்டு வைத்து, சோறும் வைத்துவிட்டார்கள். உட்கார வந்தவர்கள் பார்த்துவிட்டு வேறு வரிசைக்குப் போனார்கள். நான் கறி வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த வரிசையில் மூன்று முறை நடந்தேன். “இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமாண்ணே?” என்று மூன்று முறை கேட்டேன். பரிமாறுகிறவன் உட்கார முடியாதே.

பந்தி எழுந்தபோது அந்த இலையில் சோறு அப்படியே ஆறிக் கிடந்தது.